இரண்டாவது லீவர்

எங்கள் வீட்டு ரசத்தில் எப்போதாவது அலுமினியச் சுருள் கிடக்கும். என் கணவர் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கறிவேப்பிலையை ஒதுக்கியவர்போல் சாப்பிடுவார். நெல்லித்தோப்பு வீட்டில் சமையலறையை ஒட்டிய அறையில்தான் உலோகம் கடையும் என் சின்ன லேத் இருந்தது. மேட்டுப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் பாகங்களை வரைவதும் கடைவதும் என் வேலை. பகலெல்லாம் அங்கே இரும்போடு மாரடித்துவிட்டு வீட்டிலும் அதையே செய்வதற்குப் பெயர் கொழுப்புதான்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு, இருவரும் சேர்ந்து புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். பாதி வேலையில் அவருக்கு நரம்பு நோய் வந்தது. கையில் ஆரம்பித்தது. பலம் குறைந்துகொண்டேதான் போகும், திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வண்டியைத் தானே ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. கடையில் வாங்கிய கிளட்ச் லீவரோ அவர் பிடிக்கு அசையவில்லை. உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி நான் செய்து தருகிறேன் என்றேன்.

பழைய பேப்பர்காரர் தூக்கிப் பிடித்து நிறுப்பாரே, அந்த மாதிரி ஸ்பிரிங் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். அவர் விரல்களால் கொக்கியை இழுத்தார், நான் முள்ளைப் பார்த்தேன். முதல் தடவை முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, அடுத்த தடவை நன்றாகவே நகர்ந்தது. இவ்வளவு பலம் மிச்சமிருக்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த அளவுக்கு வரைந்து, அலுமினியக் கட்டையைக் கடைந்து, விரல் படியும் இடத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்தி, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. வண்டி மட்டும் நகரவில்லை.

"என்னாங்க, கிளட்ச்ச புடிங்க."

"புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

லீவர் அசையவே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்ஜினை அணைத்துவிட்டு அவரை உள்ளே கூட்டிவந்தேன்.

"தராசுல அவ்ளோ காட்டுச்சே?"

"அது கை இழுத்தது இல்ல. ஒடம்ப பின்னால சாச்சி இழுத்தேன். முள்ளு கம்மியா காட்டுனா உன் மூஞ்சி சுண்டிப் போவுது. என்னால பாக்க முடியல."

முள்ளைப் பார்த்தவள் ஆளைப் பார்க்கவில்லை. அளவெடுக்கிறவர்களுக்கே உரிய குருட்டுத்தனம் அது. கோபத்தில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எலுமிச்சம்பழம் இரண்டையும் ஊறுகாய்க்கு நறுக்கினேன். நறுக்கும்போதுதான் அழுதேன்.

மறுபடி அளவெடுத்தபோது அவர் முதுகைச் சுவரோடு சேர்த்து, தோளை என் கையால் அழுத்திக்கொண்டேன். "போலீஸ்காரிகிட்ட மாட்டிக்கினேன்" என்று சிரித்தார். முள் நகர்ந்ததா என்று பார்க்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இரண்டாவது லீவரைச் செய்தேன். கேபிள் மாட்டும் துளையை இடம் மாற்றினேன், கொஞ்ச பலத்துக்கே நெம்பும்படி இன்ஜின் பக்கத்திலும் ஒரு நீளமான நெம்புகோல் வைத்தேன். வண்டியில் பூட்டி அவரைக் கூப்பிட்டேன். இரண்டு விரலால் இழுத்தார், வந்தது. விட்டார், மறுபடி இழுத்தார். "ஞாயித்துக்கெழம பழம் வாங்கி வையி" என்றார்.

அந்த ஞாயிறு வருவதற்குள் நோய் நெஞ்சுத் தசைக்கும் ஏறி, மூச்சுத் திணறலில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

இப்போது நான்தான் அந்த வண்டியில் வேலைக்குப் போகிறேன். பட்டறையில் எல்லோரும் லீவரை மாற்றச் சொல்கிறார்கள். கடையில் வாங்கியது அலமாரியில் அப்படியே இருக்கிறது, நான் மாற்றவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சைப் பிடிக்கும்போது, தொட்டதுமே வந்துவிடுகிறது. அவரிடம் மிச்சமிருந்த பலம் அவ்வளவுதான்.