கேட்டால்தான் சொல்லும் நோயாளி

என் அக்காவுக்கு வியாதிக்காரியாக நடிப்பதுதான் வேலை. மருத்துவக் கல்லூரியில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை தலைவலி, புதன்கிழமை வயிற்றுவலி, வெள்ளிக்கிழமை தூக்கம் வராத விதவை. வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் மட்டும், "நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைச் சம்பளம் இல்லாமலே செய்றாங்க" என்றார்.

அதற்கு முன்னால் அவள் நாடகக் கம்பெனியில் இருந்தாள். எப்போதும் அம்மா வேஷம்தான், அதுவும் இடைவேளைக்கு முன் செத்துப்போகிற அம்மா. முட்டி மடங்க மறுத்த பிறகு மேடையை விட்டாள். நாடகப் பைத்தியமான ஒரு பேராசிரியர் அவளைக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள், ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை என்பது அவருடைய மனக்குறை.

அங்கே வரிசையாகச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரில் கண்ணாடி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற கண்ணாடி. பின்னால் பேராசிரியர் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் மாணவர் உள்ளே வந்து நோயாளியை விசாரிக்க வேண்டும். அக்காவுக்கு முன்கூட்டியே ஒரு கதை கொடுத்திருப்பார்கள், அதில் முக்கியமான சங்கதி ஒன்று ஒளிந்திருக்கும். சரியாகக் கேட்டால் ஒழிய அவள் அதைச் சொல்லக் கூடாது. முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, "நீ என்னைப் பாக்காம கடிகாரத்தைப் பாத்தே. எனக்குச் சொல்லவே தோணல" என்று முகத்துக்கு நேரே சொல்வாள்.

நான் தையல்காரி. அவளோடுதான் குடியிருக்கிறேன். என்னையும் இதில் இழுத்து விட்டாள். லாரி டிரைவர் மனைவியாக நடிக்க வேண்டும் என்றால், "அவ கைப்பை ஒரு தடவை பிஞ்சு தைச்சதா இருக்கணும்டி" என்பாள். நல்ல பையைப் பிய்த்து, மறுபடி நானே தைத்தேன். என் தலையெழுத்து.

அந்த லாரிக்காரர் மனைவியிடம் அகப்பட்ட மாணவன்தான் ஒட்டடைக்குச்சி. உயரமாக, ஒல்லியாக இருந்ததால் நான் வைத்த பெயர். அக்கா அவனைப் பெயிலாக்கினாள். மறுவாரம் வீட்டு வாசலில் வந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று கத்தரிக்கோலும் கையுமாகப் போனேன். "இன்னொரு தடவை நடிச்சுக் காட்டுங்கம்மா, திரும்பக் கேட்டுப் பாக்கறேன்" என்றான். என் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு இருவரும் சாயங்காலம் முழுக்க லாரிக்காரர் வீட்டுச் சமாசாரம் பேசினார்கள். எனக்கு ஒரு ஜாக்கெட் வேலை கெட்டது.

இதெல்லாம் பழைய கதை. போன மழைக்காலத்தில் அக்கா மாடிப்படியில் நிற்க ஆரம்பித்தாள். பாதி ஏறுவாள், நின்றுவிடுவாள்.

"ஏன் நின்னுட்டே?"

"செடி வாடியிருக்கு. பாத்துக்கிட்டிருக்கேன்."

அது பிளாஸ்டிக் செடி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். கெஞ்சினேன், திட்டினேன், நாள் கணக்கில் பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் நாற்காலியில் ஒட்டடைக்குச்சி! தாடி வைத்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், பெயரை மாற்றும் அளவுக்கு இல்லை. எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றான்.

அக்காவுக்கு ஒரே பூரிப்பு. உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் நோயாளியாக வரவில்லை, மார்க் போட வந்திருக்கிறாள்.

"என்னம்மா பண்ணுது?"

"சும்மா அசதி."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் பிடியே கொடுக்கவில்லை. வீட்டில் எப்படி என்று கேட்டதும் அள்ளி விட்டாள். "வீட்டுக்காரர் வாரக்கணக்கா லாரியில போயிடறார். நான் ஒருத்தியா எல்லாத்தையும் பாக்கணுமில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமே ஆகாதவள்!

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அம்மா, இது நான் பெயிலான கதை."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தால் வேறொருத்தியாகப் பேசியே பழகிவிட்டாள், அவ்வளவுதான். "பழக்க தோஷம்பா" என்றாள்.

"சரி. உங்க கதை என்ன?"

"அதான் சொன்னேனே. அசதி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாடிப்படியில பாதியிலேயே நின்னுடறா" என்று போட்டு உடைத்தேன். அவன் கோபப்படவில்லை. எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். "இப்ப நீங்க டாக்டர். நான் நீங்க. மாடி ஏறி வர்றேன், பாருங்க." கதவு வரை போய், கூன் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி வந்து, நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தான். அவ்வளவு மட்டமான நடிப்பை நான் பார்த்ததில்லை.

அக்காவால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், மட்டமான நடிப்பை மட்டும் முடியாது. "அய்யய்ய! எவ இப்படி உக்காருவா? உக்காரவே மாட்டா. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. கை வயித்துல இல்ல, இங்க வரும்." தன் நெஞ்சின் நடுவில் கையை வைத்துக் காட்டினாள். "இங்க கல்லை ஏத்தி வச்ச மாதிரி இருக்கும். அப்படியே தாடை வரைக்கும் இழுக்கும். நின்னா விடும், ஏறினா திரும்ப வரும். மூஞ்சியில ஒண்ணும் காட்டமாட்டா. தங்கச்சி பாத்துக்கிட்டிருக்காளே."

சொல்லி முடித்த பிறகும் அவள் கை நெஞ்சிலேயே இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மழை ஆரம்பிச்சதிலேர்ந்து." பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "மேடையில எத்தனையோ தடவை செத்திருக்கேன்பா. திரை விழுந்ததும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவேன். இதுல அப்படி எழுந்திரிக்க முடியாதில்ல? அதான் பயமா இருந்துச்சு."

அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் இறுக்கிப் பிடித்தது என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அவனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேல்மாடிக்குப் போனான். இதய ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. மறுநாள் காலையில் கை வழியாகக் குழாய் விட்டு, அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையின் ஓரத் தையலை நூல் நூலாகப் பிரித்து முடித்தேன். ஒட்டடைக்குச்சி வந்து, "நல்லா ஆயிடுச்சு. போய்ப் பாருங்க" என்றான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா கட்டிலில் களைத்துக் கிடந்தாள். வாய்க்கு மட்டும் களைப்பே இல்லை. "உள்ள எத்தனை பேருடி! எல்லார் கண்ணும் என் மேலதான். விளக்கு வேற அமோகமா போட்டிருந்தாங்க."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதேன்.

அவள் தலையைத் தூக்காமலே என்னை ஆராய்ந்தாள். "வாயை இப்படிக் கோணாதேடி, அசிங்கமா இருக்கு. மூக்கை உறிஞ்சாதே. மேடையில இப்படி அழுதா எவனும் நம்பமாட்டான்."

"நான் ஒண்ணும் மேடையில இல்ல."

"பின்ன யாருக்காக அழறே?"

"உனக்காகத்தான்."

அக்கா கட்டில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"அப்ப சரி," என்றாள். "எப்படி வருதோ அப்படியே அழு."