காற்றுக்கு அளவெடுத்தவள்

என் நாத்தனார் பெண்களுக்குத் துணி தைப்பவள். மருந்துக்கடை மாடியில் ஒரே அறை, இரண்டு மிஷின், வெட்டுமேசைக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் துணிமூட்டைகள். மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே வருகிறவளின் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். அரை அங்குலம் முன்பின் இருந்தால் அது என் கைச்சரக்கு.

அவள் கணவர் நடுக்கடலில், ஒரு பவளத்தீவில், வானிலை நிலையக் காவலர். தீவின் மொத்த ஜனத்தொகை மூன்று. ஏழு மாதமாக வயர்லெஸ்ஸில் அவரிடமிருந்து வந்ததெல்லாம் "நலம்" மட்டும். அடுத்த கப்பலுக்கு இன்னும் மூன்று மாதம். "ஒத்தை வார்த்தையோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது?" என்று கடையைப் பூட்டினாள். அந்தப் பக்கம் போகும் பாய்மரப் படகுக்காரரை நச்சரித்து ஏறிக்கொண்டாள்.

மூன்று நாள் வாந்தி. நான்காம் நாள் படகுக்காரரின் சட்டைக்குக் காஜா எடுத்தாள். ஒன்பதாம் நாள், தீவுக்கு அரைநாள் தூரத்தில், பெரிய பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. படகில் இன்ஜின் கிடையாது. நீரோட்டமோ பக்கவாட்டில் இழுத்தது. தீவைத் தவறவிட்டால் அடுத்த கரைக்குப் பன்னிரண்டு நாள். குடிதண்ணீர் நான்கு நாளுக்கு.

வெயிலுக்குக் கட்டியிருந்த கித்தானை அவிழ்த்து அவள்முன் போட்டார் படகுக்காரர்.

"தட்டையா தைச்சுக் குடும்மா, போதும். ஜாக்கெட் இல்ல இது."

"தட்டையா தைச்சா காத்து வழுக்கிட்டுப் போயிடும்ண்ணே. ஓரத்துல கிள்ளி மடிச்சு டாட் பிடிச்சா நடுவுல வயிறு மாதிரி உப்பும், காத்து தங்கும்."

"பாய்க்கு டாட்டா? மீன்கூடச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க அந்த முனையைப் பிடிங்க."

ஈரவிரலை நீட்டிக் காற்றை அளந்தாள். ஏழு டாட். உள்ளங்கை கிழிந்தது, தையல் கோணவில்லை.

ஏற்றியதும் பாய் தொளதொளவென்று தொங்கியது. படகுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காற்று வந்து அதைக் கனகச்சிதமாக உடுத்திக்கொண்டது. படகு சாய்ந்து, நீரோட்டத்தை முறித்துக்கொண்டு, தீவின் பக்கம் மூக்கைத் திருப்பியது. பறக்கும் மீன்கள் பின்தங்கி மூச்சு வாங்கின, சத்தியமெல்லாம் கேட்காதீர்கள்.

சாயங்காலம் பாறைகளுக்கு இடையிலிருந்த ஒரே வாசலில் நுழைந்து பச்சைத் தண்ணீரில் நின்றது படகு. படகுக்காரர் பாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த அளவைக் குறிச்சு வைம்மா, இன்னொண்ணு வேணும்" என்றார்.

கணவர் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்தார். "கப்பலுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே?"

"கப்பல்ல யாரு வந்தா? நான் தைச்சுக்கிட்டு வந்தேன்."