நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குள் ஒரு ரகசியம்

மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் வளர்ந்த சுஜீதன் அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிறான். அங்கே அதைப் பார்க்க வருகிறவர்கள் ஆட்டக்காரர்களின் காதலிகளும் அவர்களுடைய நாய்களும்தான். அவன் குவாட்டர்பேக். பந்தை வாங்குமுன் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று கத்திச் சொல்லி, பிறகு வாங்கி எறிகிறவன். இருபத்தொரு வயதில் அந்த இடம் கிடைத்ததற்குத் திறமைதான் காரணம் என்பார் அவன் அப்பா தவம். முந்தைய குவாட்டர்பேக் சுரங்க வேலைக்காகப் பேர்த் நகருக்குப் போனதும் ஒரு காரணம்.

முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவதில் அவன் எறிந்த பந்துகளைச் சொந்த அணியைவிட எதிரணிதான் அதிகம் பிடித்தது. இன்னும் இரண்டு ஆட்டம் பார்ப்பேன், பிறகு வேறு ஆள் என்று கோச் சொல்லிவிட்டார்.

எதிரணிக்குப் புரியாமல் கத்தினால் என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. இடம், வலம், ஓடு, நில், மேலே, பொய். இந்த ஆறு சொற்களை அணிக்குப் பழக்கினான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் உட்கார்ந்ததற்குக் கிடைத்த முதல் பயன். இரண்டே வாரத்தில் செம்பட்டை முடிக்காரர்கள் நம் பிள்ளைகள் பலரைவிடத் திருத்தமாக 'வலம்' என்றார்கள். இரண்டு ஆட்டமும் வெற்றி.

தவத்துக்குக் கால் தரையில் படவில்லை. தமிழ்ச் சங்கச் செயலாளர் பாஸ்கர் அங்கிளை வீட்டுக்கே கூட்டி வந்தார், பொன்னாடையோடு.

"தம்பி, தமிழைக் கிறவுண்டில ஏத்திப்போட்டாய்! அந்த ஆறு சொல்லும் என்ன? சொல்லு, எழுதோணும்."

"அங்கிள், அது சீக்ரெட்."

"ஓம், ஓம். எங்கட ஆக்களுக்குள்ளதானே."

எங்கட ஆக்கள் என்றால் வட்ஸ்அப் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பொன்னாடை போர்த்திய படத்தின் கீழே ஆறு சொற்களும் விளக்கத்தோடு வந்தன. தமிழ் வாசிக்கத் தெரியாத இளையோரின் நன்மை கருதி ஆங்கிலத்திலும்.

அடுத்த எதிரணியில் நின்ற ஒரு பொடியனின் அன்ரி அதே குழுவில் இருந்தார். அந்த ஞாயிறு சுஜீதன் 'வலம்' என்று கத்தி முடிப்பதற்குள் எட்டுப் பேர் அந்தப் பக்கம் போய்க் காத்து நின்றார்கள். நாற்பத்தொன்றுக்குப் பூச்சியம். கோச் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நடுவர் சரியில்லை என்றார் தவம்.

நான்கு வாரம் பெஞ்சு. அதற்குள் பட்டியல் எல்லா அணிகளுக்கும் போய்விட்டது. சங்கத்தின் வேறெந்த அறிவித்தலையும் இத்தனை பேர் வாசித்ததில்லை.

கடைசி ஆட்டத்தின் பாதியில் மாற்று ஆளுக்குக் கணுக்கால் பிசகியது. வேறு வழியில்லாமல் கோச் சுஜீதனை அனுப்பினார். தோற்றால் அடுத்த வருடம் அவனுக்கு இடமில்லை. அவன் ஆட்களைச் சுற்றி நிறுத்தி மெதுவாகச் சொன்னான்: இன்றைக்கு இடம் என்றால் வலம், வலம் என்றால் இடம்.

"வலம்!"

எதிரணி முழுவதும் நம்பி ஓடியது. பந்து மறுபக்கம் போனது. அவர்கள் உஷாராவதற்குள் சுஜீதனின் ஆட்கள் மூன்று முறை எல்லைக் கோட்டைக் கடந்து ஆட்டத்தை வென்றுவிட்டார்கள். அடுத்த வருடமும் நீதான் என்று கோச் தோளில் தட்டினார்.

மைதானத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே தவமும் பாஸ்கர் அங்கிளும் நின்றார்கள்.

"டேய், அவங்கள் ஏன் எல்லாரும் பிழையான பக்கம் ஓடினவங்கள்? என்னடா செய்தனீ?"

சுஜீதன் அங்கிளின் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"தெரியாது அப்பா. லக்."

தவம் அங்கிள் பக்கம் திரும்பினார். "பாவம், பொடியனுக்கே ஒண்டும் விளங்கேல்லை."