புன்னைக்காயலுக்கு ஒரு வருஷம் பிந்திப் போனேன்

1946, தை மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறி, மணியாச்சியில் வண்டி மாறி, ஒன்பதரைக்குத் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். பயணம் எழுதுகிறவன் டிக்கெட் விலையையும் எழுத வேண்டும் என்பார்கள். நான் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, பாஸில் போகிறவன். அதற்குமேல் சொன்னால் உங்களுக்கு வயிற்றெரிச்சல்தான்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கண் தொண்டு என்று ஒன்று நடத்துகிறோம். வருஷம் ஒரு தடவை வெளியூர் டாக்டர் ஒருவர் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு நாள் தங்கிக் கண்புரையைக் கீறி எடுப்பார். கடற்கரை ஊர்களில் கண் தெரியாதவர்களைத் தேடிக் கூட்டி வருவது எங்கள் வேலை. அதற்கு மூன்று நாள் பாடம் நடந்தது. ஆறடி தள்ளி நின்று விரலைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். டார்ச் அடித்துக் கருவிழிக்குள் வெள்ளை முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முற்றாத புரையைக் கீறினால் பலன் இல்லை என்பது அந்தப் பாடத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி தெரிந்ததும் நான் பாதி டாக்டராகிவிட்டேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை.

பத்தரைக்குப் பழையகாயல் பஸ். தூரம் சுமார் பதினொரு மைல், கட்டணம் ஐந்தணா. பெட்ரோல் கிடைக்காததால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி அது. முள்ளக்காட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் அடுப்பைக் கிளறினார்.

“சண்ட முடிஞ்சு போச்சிங்கான். பெட்ரோலை மட்டும் காணல. கரியத் தின்னுட்டு இவ என்ன ஓடவா செய்வா?” என்றார். என் கையில் டார்ச்சைக் கண்டதும், “கண்ணுச் சோலியாவா போறிய? எனக்கும் ராப்பகலா எரியுது, என்னன்னு பாருங்களேன்” என்று முகத்தை நீட்டினார்.

“கரிப்புகை. வேறொன்றும் இல்லை” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் வரை எனக்கு அப்படி ஒரு வாய் இருந்தது.

வழி நெடுக இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது. பழையகாயலில் இறங்கி, ஓரணா கொடுத்துத் தோணி ஏறி, ஆற்றோடு போய்ப் புன்னைக்காயலில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டரை. தெருவெல்லாம் மணல். கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. மீன் காய்கிற வாசனை சட்டைக்குள்ளேயே புகுந்துகொண்டது.

நான் தேடி வந்தவர் பெயர் கஸ்பார். ஐம்பத்தைந்து வயது, சங்கு குளிக்கிறவர். போன தையில் நான் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் வந்தார். “நேரா பாத்தா எல்லாந் தெரியுது ஐயா. பக்கத்துல வாற ஆளுதான் தெரியல. சாயங்காலம் வெளக்கச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் வட்டமா வருது. மண்டையும் இடிக்கி” என்றார். ஆறடி தள்ளி நின்று விரலைக் காட்டினேன். மூன்று, ஐந்து, இரண்டு என்று ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். டார்ச் அடித்தேன். லேசான சாம்பல் நிறம். தலையிடி முங்கி எழுவதால் வருவது என்று நானே வைத்தியம் சொல்லி, “புரை ஆரம்பித்திருக்கிறது அண்ணாச்சி, இன்னும் முற்றவில்லை. அடுத்த வருஷம் நானே வந்து கூட்டிப் போகிறேன்” என்று அனுப்பிவைத்தேன். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘பொறுக்கவும்’ என்று எழுதியதும் எனக்கு நினைவிருக்கிறது. கையெழுத்து அழகாக இருந்தது.

இந்த வருஷம் வேட்டி, துண்டு எல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருந்தார். மகள் ரெஜினா உள்ளே பார்த்து, “அப்பா, கண்ணு சாரு வந்துட்டாரு” என்று குரல் கொடுத்ததும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் தோள் வாசல் நிலையில் இடித்தது. ஆறடியில் நின்று மூன்று விரலைக் காட்டி, “எத்தனை?” என்றேன்.

“எங்கன காட்டுதிய, ஐயா?” என்றார்.

டார்ச் அடித்தேன். கண்மணி விரிந்து கிடந்தது. நான் எதிர்பார்த்த வெள்ளை அங்கே இல்லவே இல்லை. இருந்தாலும், டாக்டர் கீறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குத் தோணியில் திரும்பினோம். ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “போன வருசமே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேம்னேன், சார். சித்தப்பா அங்கன இருக்காரு. கேட்டாரா? கண்ணு சாரு முத்தணும்னு சொல்லிட்டாருன்னு அசையவே இல்ல.”

“ஏளா, ஒனக்குத் தொழிலு தெரியாது” என்றார் கஸ்பார். “கடலுக்குள்ள முத்துச் சிப்பி கெடக்க பாரும் அப்படித்தான். வருசா வருசம் அதிகாரிமாரு வந்து நாலு சிப்பிய எடுத்துப் பாப்பாக. ‘இன்னும் முத்தல, பொறுங்க’ம்பாக. எத்தன வருசமா பொறுத்துக் கெடக்கோம்! முந்தி அள்ளுனா வெறுஞ் சிப்பிதான். பாத்துச் சொல்லுதவன் சொன்னா, குளிக்கிறவன் கேக்கணும்.”

அவர் என்னைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் முப்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் டார்ச் எடுக்கவே இல்லை. கஸ்பாரைக் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கோலிக்குண்டைத் தொட்டதுபோல் இருந்தது. விளக்கைச் சுற்றி வட்டம் எப்போது வந்தது, பக்கப் பார்வை எப்போது போயிற்று என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் கஸ்பார், “போன வருசமே ஐயாட்ட சொன்னேன்” என்று பதில் சொன்னார்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

“இது புரையே இல்லை. கிளாக்கோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தி நரம்பைக் கொன்றிருக்கிறது. நேர்ப் பார்வை கடைசியில்தான் போகும். விரலை எண்ணத்தான் செய்வார். போன வருஷம் வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஜன்னல் இடுக்கு அளவுக்கு இருக்கிறது. ஆபரேஷன் செய்து அதையாவது காப்பாற்றப் பார்க்கிறேன். போனது வராது.” பிறகு கேட்டார்: “உங்களிடம் ஆளைக் கூட்டி வரத்தானே சொன்னோம்? நிறுத்தி வைக்கச் சொன்னது யார்?”

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கஸ்பாரிடம் நானே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. புரை இல்லை, வலது கண் இனித் தெரியாது, இடது கண்ணில் இருக்கிறதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன், காத்திருக்கச் சொன்னது என் தப்பு. ரெஜினா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

கஸ்பார் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்.

“இது என்னன்னு போன வருசம் ஒங்களுக்குத் தெரியுமா, ஐயா?”

“தெரியாது, அண்ணாச்சி.”

“தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்லா? நான் மதுரைக்குப் போயிருப்பனே.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் படுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாதிருக்க இரண்டு பக்கமும் மணல் பை வைத்துப் படுக்கப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை நான் புறப்படும்போது அவர் காலைத் தொட்டுச் சொல்லிக்கொண்டேன். “போய்ட்டு வாங்க. ரயில்ல கரிப்பொகை, பாத்துப் போங்க” என்றார். ரெஜினா எழுந்து வாசல் வரை வந்தாள். அங்கேயே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஆபீஸ். எங்கள் பார்சல் கவுண்டரில் ‘தெரியாது’ என்று சொல்வது கௌரவக் குறைச்சல். மூட்டை எப்போது வரும் என்று யார் கேட்டாலும், “நாளைக்கு வந்துவிடும், பொறுங்க” என்று பதினாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். அது எந்த ஸ்டேஷனில் கிடக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? கேட்டவர்கள் நம்பிப் போய்விடுவார்கள். அந்த வாயோடுதான் நான் புன்னைக்காயலுக்கும் போயிருக்கிறேன்.

அன்று ஒரு அம்மாள் வந்து, ஈரோட்டிலிருந்து வரவேண்டிய துணிக்கட்டு என்று வரும் என்று கேட்டாள். வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

“தெரியாதம்மா. விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்” என்றேன்.

“தெரியாதுன்னு சொல்லதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு ஆளு!” என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு அவள் போனாள். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். போன தை மாதம், புன்னைக்காயலில் கஸ்பாரிடம் இந்த ஏச்சை வாங்கிக்கொண்டு நான் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.