சைடு ஸ்டாண்டு

ஸ்கூட்டர் தயாரிக்கும் நிறுவனத்தில் நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். சைடு ஸ்டாண்டை எடுக்காவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சின்ன அமைப்புதான் என் இரண்டு வருட உழைப்பு. "ஒரு ஸ்டாண்டுக்கா இவ்ளோ படிச்ச?" என்று மாமியார் கேட்பார்.

ஒருநாள் மயிலாப்பூர் குளத்தருகே பூ வாங்கிவிட்டுக் கிளம்பினால், என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பார்க் பிளக் வரை கழற்றித் துடைத்தேன். கையெல்லாம் கரி.

பூக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஸ்டாண்டு கீழ கீது பாரு."

வெட்கமாகப் போய்விட்டது. அவரோ, "மின்ன ஸ்டாண்ட எடுக்காம போயி என் பொண்ணு உயுந்து கைய ஒடச்சிக்கினா. இப்ப இந்த மாதிரி வண்டிதான் ஓட்றா. இத்த செஞ்சவன் எவனோ, நல்லா இருக்கணும்" என்றார்.

அந்த எவனோ நான்தான் என்று, பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அடையாறு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

இப்போதெல்லாம் என்ன வேலை என்று யார் கேட்டாலும், "ஸ்டாண்டு" என்று சத்தமாகவே சொல்கிறேன்.