சந்தனம் வைத்த கேபிள்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்குப் பாட்டுக் கச்சேரி உண்டு. அந்த வருடம் பேஸ் கிட்டார் வாசித்தது நான். கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைக்கும் என் பழைய கேபிள் இரையும் என்று பயந்து, ஒத்திகையில் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். பாடகரான ஃபோர்மேன் கேட்டார்: "இன்னாம்மா, வாசிக்கிறியா, சும்மா புடிச்சிகினு நிக்கிறியா?"

கச்சேரியிலாவது என் வாசிப்பு அவர் காதில் விழ வேண்டும் என்று புது கேபிள் தேடினேன். எலெக்ட்ரிகல் படித்தவள் என்பதால் மூன்று விதிகள் வைத்திருந்தேன். மேடையெங்கும் சீரியல் பல்பு தொங்கும். அவற்றின் மின்சாரம் கேபிளில் கிளப்பும் இரைச்சலைத் தடுக்க உள்ளே செம்புக் கம்பி வலை வேண்டும். நீளம் குறைவாக இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பற்றவைக்க முடிய வேண்டும். மூன்றிலும் தேறிய தடித்த கேபிளை வாங்கி மேடையில் வைத்தேன். மூன்றிலும் தோற்ற பழையது என் டிபன் பையில் கிடந்தது.

பூஜையன்று லேத் முதல் ஸ்பேனர் வரை பொட்டு வைத்துக்கொண்டே வந்த ஃபிட்டர் அண்ணன் என் கேபிளையும் விடவில்லை. இரண்டு பிளக் முனையிலும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். துடைத்துச் சொருகிப் பார்த்தும் கரகரத்தது.

"சாமி காரியம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார்.

வேறு வழியில்லாமல் பழையதைச் சொருகி, சத்தத்தையும் கூட்டினேன். கச்சேரி முழுக்க 'ம்ம்ம்' என்று இரைந்தது. தலைகுனிந்து இறங்கியவளுக்கு ஃபோர்மேன் கைகொடுத்தார்.

"இன்னிக்குத்தாம்மா உன் கிட்டாரு நல்லா கேட்டுச்சு. பாட்டு முடிஞ்சப்புறங்கூட நிறுத்தாம வாசிச்சிகினே இருந்தே பாரு!"