சரசுவுக்குப் போட்ட தோட்டம்

வீட்டுக்குள் பலாப்பழம் பழுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று, "பழம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் மனைவி சரசு மட்டும், "இன்னும் பழுக்கலீங்களே" என்றாள். சளி பிடித்திருக்கும் என்று சிரித்துவிட்டேன். அதுதான் முதல் அறிகுறி.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் தினை. கதிரைத் தொட்டு அறுப்பு நாள் சொல்வதில் அவள் சொன்னதுதான் முடிவு.

ஆவணியில் கண் மங்கியது. சேந்தமங்கலத்தில் கண்ணாடி வாங்கிப் போட்டோம். புரட்டாசியில் ஒரு நாள் மிளகுக்கொடிக்குக் கை நீட்டி வெறும் காற்றைப் பிடித்தாள். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மெனிஞ்சியோமா (மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் கட்டி) என்றார் மருத்துவர். நெற்றிக்குப் பின்னால் வளர்ந்து பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"கட்டியை எடுத்துரலாம். பார்வை திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

திரும்பவில்லை. அறுவை முடிந்து நினைவு தெளிந்த அன்று சரசு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "விடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். அப்போது நடுப்பகல்.

ஊருக்கு வந்தவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது இயன்முறை மருத்துவர் ஒருவர் (உடற்பயிற்சியால் உடம்பை மீட்டுத் தருபவர்) சொன்னார்: "யார் கையையும் பிடிக்காம அவங்களா நடக்கிற மாதிரி ஒரு இடம் பண்ணிக் குடுங்க. கண் இல்லாட்டி மூக்கும் கையும் காதும் இருக்குதில்ல."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். தை மாதம் வீட்டுக்குக் கீழே இருந்த சரிவைச் சமப்படுத்தினேன். நடைபாதையின் இரு ஓரமும் கல் பதித்தேன், கைத்தடி தட்டினால் தெரியும்படி. இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினேன். கயிற்றில் ஒரு முடிச்சு வந்தால் திருப்பம், இரண்டு முடிச்சு வந்தால் உட்காரும் கல். குனியாமல் தொடுவதற்குப் பாத்திகளைக் கல் அடுக்கி உயர்த்தினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மணம்: மரிக்கொழுந்து, துளசி, மல்லிகை, எலுமிச்சைப்புல். நாற்றுகளைக் கீழே போய்க் கூடையில் வாங்கி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினேன்.

சித்திரையில் சரசு நடந்தாள். முதல் நாள் நாற்பது அடி. பிறகு தினமும் இரண்டு சுற்று. மரிக்கொழுந்துத் திருப்பத்தில் நின்று குனிந்து, "நல்லா மணக்குதுங்க" என்பாள். அதைக் கேட்கத்தான் நான் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பேன்.

ஐப்பசி மழையில் மரிக்கொழுந்து வேர் அழுகிவிட்டது. ஒரு காலையில் அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். பிடுங்கியதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். வெயில் வந்ததும் அவள் வழக்கம்போல் நடந்து வந்து, அந்த வெறும் மண்ணுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னைக்கு மணம் தூக்கலா இருக்குதுங்க."

அவள் கையைப் பிடித்துப் பாத்தியில் வைத்தேன். ஈர மண்ணைத் துழாவினாள். ஒரு செடியும் அகப்படவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"எப்ப இருந்து மணம் தெரியல கண்ணு?" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. மோப்ப நரம்பு போயிருச்சு, இனி வராதுன்னாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"அத்தனை தூரம் நாத்தைச் சொமந்துட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

பிறகு மருத்துவரைக் கேட்டேன். மணத்தைக் கொண்டுபோகும் நரம்பை (மூக்கின் மேற்புறத்திலிருந்து மூளைக்குப் போவது) கட்டி முதலிலேயே தின்றுவிட்டது, டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதியிருக்கிறோம் என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

வீட்டில் ஒருவருக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். கல்லும் கயிறும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். உங்கள் ஆளுக்கு எது மிஞ்சியிருக்கிறது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பழுத்த பலாவுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்த பிறகும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கேட்டேன்.

"சுத்தி வர்றதுக்கு எடம் வேண்டாங்க. வேலை செய்ய எடம் வேணும்" என்றாள். "அந்தப் பாத்தியில தினை போடுங்க. உக்கார்ற கல்லை வெயில் விழுற பக்கமாத் தள்ளிப் போடுங்க. கொடியில மொச்சையைக் காய விடுங்க, காத்துல சலசலங்கும். நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும்."

அவள் சொன்னபடியே செய்தேன். முதன்முறையாக அவள் அங்கே குறை சொன்னாள். கயிறு தொய்கிறது என்றாள், சரளை காலைக் குத்துகிறது என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

மாசியில் கதிர் வந்தது. அதற்குள் அவளுடைய இடது கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. கட்டி திரும்ப வளர்ந்திருந்தது, இந்த முறை வேகமாக. இன்னொரு அறுவையை அவள் உடம்பு தாங்காது என்றார்கள். சக்கர நாற்காலி போகும் அளவுக்குப் பாதையின் ஒரு பக்கக் கல்லைப் பெயர்த்து அகலப்படுத்தினேன். நாற்காலியில் இருந்தபடியே கதிரை நசுக்கிப் பார்த்து, "பால் கட்டிருச்சுங்க. இன்னும் பதினஞ்சு நாள்" என்றாள்.

பதினைந்து நாள் அவளுக்கு இருக்கவில்லை. பங்குனிக்கு முன்பே போய்விட்டாள்.

அவள் எனக்காக முகர்ந்து காட்டிய மாதங்கள் ஏழு. உண்மையைப் பேசிக்கொண்டு நாங்கள் வாழ்ந்தது நான்கு. எனக்கு இப்போது காலம் என்றால் இந்த இரண்டு கணக்குதான்.

என் உடம்பும் பழையபடி இல்லை. கண் போன பிறகு, தோட்டத்துக்கு வெளியே போகும்போதெல்லாம் சரசு என் முழங்கையைப் பிடித்து அரை அடி பின்னால் வருவாள். மேடு பள்ளத்தை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். போன வாரம் சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "படி உசரம், பாத்து கண்ணு" என்றேன். பின்னால் இறங்கிய யாரோ ஒரு அம்மா, "என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். வெளியே நீட்டியிருந்த முழங்கையை உடம்போடு சேர்த்துக்கொண்டேன்.